பனி பழக்கிய உடம்பும் மலாயாக் காடும்

துருவங்களில் அலைந்தவர்கள் போர் வந்ததும் சிப்பாய்களாகப் போனார்களே, பனியில் பட்ட பாடு அவர்களுக்குப் போரில் கைகொடுத்ததா என்பது கேள்வி.

பெரும்பாலானவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அண்டார்டிகா பயணி ஷாக்கிள்டனோடு 'ஜேம்ஸ் கெய்ர்டு' என்ற சின்னப் படகில் தென்கடலைக் கடந்த ஆறு பேரில் டிம் மெக்கார்த்தியும் ஒருவர். 1916இல் அந்தக் கடலிலிருந்தே உயிரோடு மீண்டவர், முதல் உலகப் போர் நடந்த 1917 மார்ச்சில் கப்பலை டார்பிடோ தாக்கி இறந்துபோனார். படகு செலுத்தும் திறமை டார்பிடோ முன்னால் என்ன செய்யும்? கேப்டன் ஓட்ஸ் கதை தலைகீழ். அவர் முதலில் சிப்பாய். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் தொடையில் குண்டு வாங்கி, அந்தக் காலோடுதான் 1912இல் பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டுடன் தென்துருவம் வரை நடந்தார், திரும்பும் வழியில் இறந்தார்.

ஆனால் ஒருவருக்குக் கைகொடுத்தது. அதுவும் பனியே இல்லாத இடத்தில், வெயிலும் மழையும் அட்டையும் கொசுவும் நிறைந்த மலாயாக் காட்டில். ஃப்ரெடி ஸ்பென்சர் சாப்மேன் அவர் பெயர். ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவில் மூன்றரை வருடம் தாக்குப்பிடித்தவர். அவரைப் பற்றி விரிவாகச் சொன்னால்தான் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1907 மே மாதம் லண்டனில் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாய் இறந்தார். தந்தை 1916இல் பிரான்சில் நடந்த சோம் போரில் மாண்டார். பையனை வளர்த்தது இங்கிலாந்தின் ஏரிப் பகுதியை ஒட்டிய கார்ட்மெல் கிராமத்தில் இருந்த வயதான ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும். பறவை, பூச்சி, செடி, குன்று, ஓடை இவைதான் துணை. செட்பெர்க் பள்ளியில் படித்தபோதும் மைதானத்தைவிடச் சுற்றியிருந்த மலைகளில்தான் மனம் ஓடியது. பிறகு கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. அங்கே மலையேற்றம் பிடித்துக்கொண்டது.

கேம்பிரிட்ஜில் ஜினோ வாட்கின்ஸ் என்று ஒரு இளைஞர் இருந்தார். 1930இல் தன்னையும் சேர்த்து 14 பேர் கொண்ட குழுவோடு கிரீன்லாந்துக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 23. இங்கிலாந்திலிருந்து கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்கு விமானம் விட முடியுமா என்று பார்ப்பது நோக்கம். ஷாக்கிள்டன் தன் கடைசிப் பயணத்தில் உயிர்விட்ட அதே 'க்வெஸ்ட்' கப்பலில்தான் போனார்கள். சாப்மேன் பறவை நிபுணராகவும் பனிச்சறுக்கு தெரிந்தவராகவும் சேர்ந்துகொண்டார்.

விமானப் பாதை என்றால் உள்நாட்டுப் பனிமேட்டின் மேல் வானிலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காகக் கடற்கரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, கிட்டத்தட்ட 2,500 மீட்டர் உயரத்தில் ஒரு கூடாரம் அடித்து, ஆள் வைத்துக் காற்றையும் குளிரையும் அளந்தார்கள். அங்கே இருந்த இருவரை மாற்றி, குளிர்காலத்துக்கான சாமானை இறக்கிவிட்டு வரும் பொறுப்பு சாப்மேனுக்கு வந்தது. 1930 அக்டோபர் கடைசியில் நாய் வண்டிகளோடு கிளம்பினார்கள். புயல் மேல் புயல். நாள்கணக்கில் கூடாரத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. வயர்லெஸ் கருவியை வழியிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. போய்ச் சேர 39 நாள் ஆயிற்று. குளிர்காலத்துக்கு என்று எடுத்து வந்த சாமானில் பெரும்பகுதியை வழியில் தாங்களே தின்று தீர்த்திருந்தார்கள். இரண்டு பேர் தங்க மிச்சம் போதாது. கூட்டத்தில் இருந்த அகஸ்டின் கோர்ட்டால்ட், "நான் தனியாக இருந்துகொள்கிறேன்" என்றார். மனசில்லாமல் அவரை விட்டுவிட்டு சாப்மேன் திரும்பினார்.

கோர்ட்டால்ட் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஐந்து மாதம் அங்கே தனியாக இருந்தார். கடைசி ஆறு வாரம் பனி மூடி, வெளியே வர வழியே இல்லாமல் கூடாரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார். முதலில் தேடிப் போனவர்கள் இடம் தெரியாமல் திரும்பிவிட்டார்கள். பிறகு வாட்கின்ஸ், குழுவில் இருந்த ரைமில், சாப்மேன் மூவரும் கிளம்பினார்கள். 1931 மே 5 அன்று வெண்பரப்பில் கிழிந்த கொடித் துணி ஒன்று தெரிந்தது. கிட்டே போனால், பனிக்கு மேல் ஒரு சாணோ இரண்டு சாணோ நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாய். வாட்கின்ஸ் மண்டியிட்டு, குழாயில் வாயை வைத்துக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்து பம்ப் ஸ்டவ் கடைசியாக ஒரு முறை சீறி அணைந்த அதே நேரத்தில்தான் மேலிருந்து அந்தக் கூப்பிடு குரல் கேட்டதாம். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சாப்மேனுக்கும் சேதாரம் குறைவில்லை. கை, கால் விரல் நகங்கள் எல்லாம் குளிரில் உதிர்ந்தன. ஒரு முறை பனிப்பிளவுக்குள் விழப்போனவர், நாய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். ஆனால் அவர் சம்பாதித்தது வேறு. கிரீன்லாந்தில் வாழும் இன்யூட் மக்களின் பேச்சைக் கற்றார். அவர்களைப் போலத் தோல் படகில் உட்கார்ந்து கடல்நாய் வேட்டையாடக் கற்றார். படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் துடுப்பால் ஒரு சுழற்று சுழற்றி நிமிரக் கற்றார். வெள்ளைக்காரர் பலர் டப்பா உணவையும் தங்கள் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு துருவத்துக்குப் போன காலத்தில், வாட்கின்ஸ் கூட்டம் அந்த ஊர்க்காரர் தின்பதைத் தின்று, அவர்கள் உடுத்துவதை உடுத்தி வாழப் பழகியது. நான் சொல்ல வருவதற்கு இதுதான் அடிப்படை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1932இல் வாட்கின்ஸ், சாப்மேன், ரைமில், ரைலி நால்வர் மட்டும் மறுபடி போனார்கள். உணவைக் கொஞ்சமாகத்தான் எடுத்துப் போனார்கள், மிச்சத்தை வேட்டையாடிக்கொள்ளலாம் என்று. ஆகஸ்ட் 20 அன்று வாட்கின்ஸ் தனியாக வேட்டைக்குப் போனார். சாப்மேனும் ரைமிலும் தேடிப் போனபோது ஆளில்லாமல் மிதந்த படகுதான் கிடைத்தது. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது வாட்கின்ஸுக்கு வயது 25. ரைமில் தலைமை ஏற்க, மூவரும் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்து வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

அப்புறம் கொஞ்ச காலம் பள்ளி வாத்தியார் வேலை. 1936இல் இமயமலைக்கு வந்தார். சிக்கிமில் மலையேறிக்கொண்டிருந்தவரை, பேசில் கூல்ட் தலைமையில் லாசாவுக்குப் போன பிரிட்டிஷ் தூதுக்குழு தனிச் செயலாளராகச் சேர்த்துக்கொண்டது. திபெத்தில் அரை வருடம். சங்கேதச் செய்திகளைப் பிரித்து எழுதுவது, படம் எடுப்பது, பறவைகளையும் செடிகளையும் குறித்து வைப்பது என்று நாள் போயிற்று. திரும்பும்போது பூடான், திபெத் எல்லையில் நிற்கும் சோமோல்ஹாரி சிகரத்தைப் பார்த்தார். 7,300 மீட்டருக்கு மேல். அதுவரை யாரும் ஏறாதது. 1937 மே 21 அன்று பாசாங் தாவா லாமா என்ற ஷெர்பாவோடு உச்சியைத் தொட்டார். இறங்கும்போது பாசாங் சறுக்க, ஒரே கயிற்றில் கட்டியிருந்த இருவரும் சரிந்தார்கள். சாப்மேன் பனிக்கோடரியை ஊன்றி எப்படியோ நிறுத்தினார். பாசாங் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில், 1954இல், சோ ஓயு உச்சியை முதன்முதலில் தொட்ட மூவரில் அவரும் ஒருவர். இமயமலைக் கதைகளில் ஷெர்பாக்களின் பெயர் அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, போருக்கு வருவோம்.

1939இல் ராணுவத்தில் சேர்ந்தபோது அவரை எங்கே அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நியாயமாகப் பனிக்குத்தான். சோவியத் படையெடுப்பை எதிர்த்து நின்ற பின்லாந்துக்கு உதவப் பனிச்சறுக்குப் பட்டாளம் ஒன்றை அமைத்து, பிரான்சின் ஷாமொனியில் பயிற்சி கொடுத்தார்கள். பட்டாளம் போய்ச் சேருமுன் 1940 மார்ச்சில் பின்லாந்து சமாதானம் செய்துகொண்டது. பட்டாளம் கலைந்தது. பிறகு ஸ்காட்லாந்தில் கமாண்டோ பயிற்சி முகாம், ஆஸ்திரேலியாவில் இன்னொன்று. 1941இல் சிங்கப்பூர், நாசவேலையும் கெரில்லாச் சண்டையும் கற்றுக்கொடுத்த 101ஆம் எண் சிறப்புப் பயிற்சிப் பள்ளி. துருவப் பயணி நிலநடுக்கோட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

ஜப்பான் படையெடுத்தால் பின்னால் தங்கிச் சண்டையிட, சீனர், மலாய்க்காரர், இந்தியர், தோட்டத் துரைகள் எல்லோரையும் சேர்த்துச் சிறு குழுக்களைக் காட்டில் தயாராக வைக்கலாம் என்று பள்ளிக்காரர்கள் முன்கூட்டியே ஒரு திட்டம் கொடுத்தார்கள். மேலிடம் தள்ளுபடி செய்தது. எதிரி மலாயாவுக்குள் வரக்கூடும் என்று ஒப்புக்கொள்வதே மக்கள் மனத்தைக் குலைக்கும் என்றார்கள். சீனக் கம்யூனிஸ்டுகள் கையில் துப்பாக்கி கொடுக்கவும் பயம். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலாயாவின் வடகிழக்குக் கரையில் கோத்தா பாருவில் இறங்கிய பிறகுதான் அவசர அவசரமாக ஆள் தேடினார்கள். என் கணிப்பில், மலாயாவில் பிரிட்டிஷார் செய்த பெரிய தவறுகளில் இதுவும் ஒன்று. ஆறு மாதம் முன்பே அரிசியும் வெடிமருந்தும் காட்டில் பதுக்கியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

அந்த டிசம்பர் கடைசியில் சாப்மேன் பேராக் ஆற்றைக் கடந்து எதிரி எல்லைக்குள் வேவு பார்க்கப் போனார். சாலையோரத்தில் மறைந்திருந்து பார்த்தால், நூற்றுக்கணக்கில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் போகிறார்கள். மூன்று நான்கு பேராக வரிசைகட்டி, ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் போலப் பேசிச் சிரித்துக்கொண்டு. உடம்பில் சுமை மிகக் குறைவு. பிரிட்டிஷ் சிப்பாயோ கனத்த பூட்ஸ், தலைக்கவசம், முதுகு மூட்டை, போர்வை என்று சுமந்து, நடக்கவே சிரமப்படுகிறான். மற்ற அதிகாரிகள் கண்ணில் இது பட்டதோ என்னவோ, நாய் வண்டியில் எதை ஏற்றுவது எதை விடுவது என்று ஒவ்வொரு பவுண்டாக எண்ணிப் பழகியவர் கண்ணில் உடனே பட்டது.

பிறகு 1942 பிப்ரவரி. சாப்மேன், பில் ஹார்வி, சார்ஜென்ட் ஜான் சார்ட்டின் என்று மூன்றே பேர். தஞ்சோங் மாலிம் பக்கத்துக் காட்டில் தங்கி, இரவில் இறங்கிவந்து ரயில் பாதையையும் சாலையையும் தகர்த்தார்கள். பகலில் ஜெலிக்னைட் என்ற வெடிமருந்தைப் பிசைந்து மூங்கில் குழாய்களில் அடைப்பார்கள். அதைக் கையாளக் கையாள மண்டை பிளக்கிற தலைவலி வரும், அதன் குணம் அது. இருட்டியதும் வேடம் போடுவார்கள். என்ன வேடம்? நம்மவர் வேடம்தான். முகத்திலும் கையிலும் கறுப்புச் சாயம் பூசி, இடுப்பில் துணி சுற்றி, தலையில் அழுக்கு முண்டாசு கட்டித் தமிழ்த் தொழிலாளிபோல நடப்பார்கள். அந்த வட்டாரம் முழுக்கப் பால்மரத் தோட்டங்கள். பால் வெட்டியதும் தண்டவாள வேலை செய்ததும் பெரும்பாலும் தமிழர்கள். சாலையில் ஒரு தமிழன் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எவ்வளவு எளியவர்களாக, கண்ணில் படாதவர்களாக நம் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே தோட்டங்களிலிருந்துதான் அடுத்த வருடம் பல்லாயிரம் பேரை சயாம் ரயில் பாதை போட வாரிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரத்தில் ஏழெட்டு ரயில்களைத் தடம்புரளச் செய்தார்கள். சுமார் 15 பாலங்களைச் சேதப்படுத்தினார்கள், தண்டவாளத்தை 60 இடங்களில் அறுத்தார்கள், 40 வண்டிகளை நாசமாக்கினார்கள். ஜப்பானியத் தரப்பில் 500 முதல் 1,500 பேர் வரை செத்தோ காயப்பட்டோ இருப்பார்கள் என்று கணக்கு. இது சாப்மேன் தரப்புக் கணிப்பு. இருட்டில் வெடிவைத்துவிட்டு ஓடுகிறவர் நின்று தலை எண்ண முடியாது, அதனால் அந்த வீச்சு இவ்வளவு அகலமாக இருக்கிறது. ஆனால் 200 பேர் கொண்ட ஆஸ்திரேலியக் கமாண்டோ படை ஒன்று காட்டுக்குள் இருப்பதாக ஜப்பானியர் நம்பித் தேடினார்கள். சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று விழுந்தது. மூன்று பேர் என்ன செய்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

வெடிமருந்து தீர்ந்தது. கூட்டாளிகள் பிரிய நேர்ந்தது. ஹார்வி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். சார்ட்டின் போர்க்கைதியாகிப் பிழைத்தார். சாப்மேன் சீனக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம் போய்ச் சேர்ந்தார். இங்கேதான் அந்தக் கேள்வியின் நிஜமான விடை இருக்கிறது.

படைகள் பின்வாங்கியபோது காட்டில் சிக்கிக்கொண்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் இருந்தார்கள். கெரில்லா முகாம்களில் அவர்களில் சிலரை சாப்மேன் பார்த்தார். நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர்கள். ஆனால் காட்டை நரகமாக நினைத்தார்கள். ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் புலி, ஒவ்வொரு இலையிலும் பாம்பு. முகாமில் போட்ட சோறும் கீரையும் இறங்கவில்லை. சில மாதங்களில் செத்துப்போனார்கள். மலேரியா சாப்மேனையும்தான் பிடித்தது, அதே சோறுதான் அவருக்கும். அவர் செத்துப்போகவில்லை. காரணத்தை அவரே யோசித்து எழுதியிருக்கிறார்: காடு யாருக்கும் எதிரியுமில்லை, நண்பனுமில்லை. அது தின்னவும் குடிக்கவும் கொடுக்கிறது, ஒளியவும் இடம் கொடுக்கிறது. எடுத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். 1949இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே 'காடு நடுநிலையானது' என்கிற பொருள் கொண்டது.

இந்தப் பார்வையை அவர் மலாயாவில் கண்டுபிடித்தார் என்று நான் நம்பவில்லை. கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்தார். பனிமேட்டையும் யாரும் முதலில் அப்படித்தான் நரகமாகப் பார்ப்பார்கள். அங்கே பிள்ளை பெற்று, கதை பேசி, சிரித்து வாழும் மக்களோடு ஒரு குளிர்காலம் இருந்த பிறகு அந்தப் பயம் நிற்காது. மலாயாவிலும் அவர் அதையே செய்தார். சீனர் சாப்பிட்டதைச் சாப்பிட்டார், மலாய் மொழி பேசினார், காட்டுத் தடத்தை ஓராங் அஸ்லிப் பூர்வகுடிகளிடம் கற்றார். இன்னொன்று, காத்திருக்கும் பழக்கம். புயலில் நாள்கணக்கில் கூடாரத்துக்குள் கிடந்தவருக்கு, மாதக்கணக்கில் ஒரு முகாமில் ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்திருப்பது புதிதில்லை. டைரி எழுதினார், பறவைகளைக் குறித்தார், கெரில்லாக்களுக்கு வெடிவைக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் பழக்கம் எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. தடமில்லாத காட்டில் பத்து மைல் கடக்க ஒரு முறை 12 நாள் ஆயிற்று. நிமோனியா, டைபஸ், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சல், விடாத மலேரியா. ஒரு முறை 17 நாள் சரியான நினைவில்லாமல் கிடந்தார். இரண்டு முறை குண்டடி. 1944இல், காட்டில் காணாமல்போன பாட் நூன் என்ற மானுடவியலாளரைத் தேடிப் போனபோது ஜப்பானியரிடம் மாட்டினார். அன்றிரவே கூடாரத்திலிருந்து நழுவி இருட்டில் காட்டுக்குள் ஓடிவிட்டார்.

அதற்கு முன், 1943 டிசம்பரில், நீர்மூழ்கியில் வந்திறங்கிய ஜான் டேவிஸ், ரிச்சர்ட் புரூம் இருவரையும் சந்தித்திருந்தார். பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136க்கும் கெரில்லாக்களுக்கும் ஒப்பந்தம் ஆனது அந்தச் சமயத்தில்தான். இடையே நின்று ஏற்பாடு செய்தவர் சின் பெங் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர். போர் முடிந்து மூன்றே வருடத்தில் அதே சின் பெங் தலைமையில், அதே காட்டிலிருந்து, சாப்மேன் கற்றுக்கொடுத்த வித்தைகளும் சேர்ந்து பிரிட்டிஷார் மீதே திரும்பின. இதற்காக சாப்மேனைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1942இல் அந்தக் காட்டில் ஜப்பானியரை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள்தான்.

1945 மே மாதம் பாங்கோர் தீவுக் கரையிலிருந்து 'ஸ்டேட்ஸ்மன்' நீர்மூழ்கி அவரை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகஸ்டில் பாராசூட்டில் குதித்து மறுபடி மலாயாவுக்குள் போனார். துணிச்சலுக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது இரண்டு முறை கிடைத்தது. அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதிய பிரிட்டிஷ் தளபதி வேவல் அவரை, முதல் உலகப் போரில் அரபுக் கெரில்லாக்களோடு சேர்ந்து போரிட்ட அரேபிய லாரன்ஸோடு ஒப்பிட்டார். லாரன்ஸுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இவருக்குக் கிடைக்கவில்லை.

பிந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946இல் ஃபெய்த் டவுன்சனைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று மகன்கள். ஜெர்மனியின் ப்ளோனில் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கான பள்ளி, பிறகு தென்னாப்பிரிக்காவின் கிரஹாம்ஸ்டவுன், இரண்டிலும் தலைமையாசிரியர். இங்கிலாந்தில் பெஸ்டலோட்ஸி குழந்தைகள் கிராமத்தின் பொறுப்பாளர். கடைசியாக ரெடிங் பல்கலைக்கழகத்தில் வான்டேஜ் ஹால் மாணவர் விடுதிக் காப்பாளர். காடும் பனியும் உடம்பில் விட்டுப்போன வலிகள் வயதாக ஆக ஏறின. முதுகுவலி, தலைவலி, வயிற்றுத் தொல்லை. 1971 ஆகஸ்ட் 8 அன்று, 64ஆம் வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நடுநிலை என்று அவர் சொன்ன காடு அவர் உடம்பில் எவ்வளவு வசூலித்திருந்தது என்பது அந்த விடுதி மாணவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவரும் பாசாங்கும் நின்றுவிட்டு வந்த சோமோல்ஹாரி உச்சியில் அடுத்த மனிதக் கால் பட்டது அதற்கு முந்தைய வருடம்தான், 1970இல்.